தன்விளக்கக் கட்டுரைக்கு ஒரு மேற்கோள்

பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் அக்டோபர் தொடங்கி ஜனவரி வரையிலான காலம் விண்ணப்பங்களின் காலமாக மாறிவருகிறது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பாகிய யூகாஸில், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆகியவற்றுக்கும் பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கும் அக்டோபர் நடுவிலேயே கெடு முடிந்துவிடுகிறது. ஏனைய படிப்புகளுள் பலவற்றுக்கு ஜனவரி நடுப்பகுதி வரை காலம் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றின் கெடுவும் நவம்பர், ஜனவரி மாதங்களை ஒட்டியே அமைகிறது. பாலக்காட்டுக் கல்பாத்தியிலோ இவ்விரு கெடுக்களுக்கும் நடுவில் ஐப்பசித் தேரும் வந்துவிடும். வெளியூர் உறவினர் நிறைந்த வீட்டில், விண்ணப்பம் எழுதும் பிள்ளைக்கு அறிவுரை கூறுவோருக்குக் குறைவிருக்காது. அவ்வறிவுரைகளுள் தவறாமல் இடம்பெறுவது ஒன்று: "தொடக்கத்தில் நல்லதொரு மேற்கோளைப் போடு; படிப்பவர் மனத்தில் நிற்கும்."

இந்த அறிவுரை எவ்வளவு தூரம் சரியானது? மேற்கோள் வேண்டுமெனில் அதை எங்கே தேடுவது, எவ்வாறு சோதிப்பது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டுரையின் பணி

மாணவர்கள் பர்சனல் ஸ்டேட்மென்ட் என்று அழைக்கும் தன்விளக்கக் கட்டுரை, மதிப்பெண் பட்டியலால் கூற இயலாதவற்றைக் கூறுவதற்கென்று அமைந்தது. வேதியியலில் ஒருவர் 98 மதிப்பெண் பெற்றார் என்பதைப் பட்டியல் சொல்லிவிடும். அவர் வேதியியலை ஏன் விரும்புகிறார், அதற்காகப் பாடப்புத்தகத்துக்கு வெளியே என்ன செய்தார், எதில் தடுமாறினார், அத்தடுமாற்றத்திலிருந்து என்ன கற்றார் என்பவற்றைக் கட்டுரைதான் சொல்ல வேண்டும்.

இதற்குத் தரப்படும் இடமோ மிகக் குறைவு. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் முதன்மைக் கட்டுரைக்கு 250 முதல் 650 சொற்கள் வரை இடமுண்டு. யூகாஸ் அமைப்பு இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துகளை அனுமதிக்கிறது. 2026-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அந்த 4,000 எழுத்துகளும் மூன்று வினாக்களுக்கான விடைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இப்படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர், இதுவரை கற்ற கல்வி அதற்கு உம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்தியது, கல்விக்கூடத்துக்கு வெளியே வேறு என்ன ஆயத்தம் செய்தீர் என்பனவே அவ்வினாக்களின் சாரம். ஒவ்வொரு விடையும் குறைந்தது 350 எழுத்துகளேனும் இருத்தல் வேண்டும்.

இந்த மூன்று வினாக்களையும் ஒருமுறை நிதானமாக நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். மூன்றும் விண்ணப்பதாரரைப் பற்றியவை. பெரியோர் ஒருவர் கல்வியைப் பற்றி என்ன சொன்னார் என்று எந்த வினாவும் கேட்கவில்லை. 650 சொற்களில் 30 சொற்களை ஒரு மேற்கோளுக்குக் கொடுப்பது, கிடைத்த நிலத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைப் பிறர் பெயரில் எழுதிவைப்பதற்கு ஒப்பாகும். எனவே மேற்கோளுக்குக் கொடுக்கும் இடத்துக்கு ஈடான பயனை அம்மேற்கோள் திருப்பித் தர வேண்டும்.

படிப்பவர் பக்கத்திலிருந்து

சேர்க்கைக் குழுவில் அமர்ந்து கட்டுரைகளைப் படிப்பவர் ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கானவற்றைப் படிக்கிறார். இணையத்தில் "ஊக்கமூட்டும் பொன்மொழிகள்" எனத் தேடினால் நம் பிள்ளைக்குக் கிடைக்கும் அதே பத்து வாசகங்கள்தாம் பிற பிள்ளைகளுக்கும் கிடைக்கின்றன. ஆகவே, புதுமை என்று எண்ணி எழுதப்படும் தொடக்கம் படிப்பவருக்குப் பழகிய தொடக்கமாகிவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று. யூகாஸ் அமைப்பு 50,000 விண்ணப்பக் கட்டுரைகளை ஒப்பிட்டு நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2007-இல் வெளிவந்தது. எட்டு வயதில் வேதியியல் விளையாட்டுப் பெட்டியால் இரவு உடையில் தீப்பட்டு ஓட்டை விழுந்த நிகழ்ச்சியை 234 மாணவர்கள் தத்தம் வாழ்வில் நேர்ந்ததாக எழுதியிருந்தனர். மாதிரிக் கட்டுரை ஒன்றில் இருந்த நிகழ்ச்சி, கை மாறி மாறி அத்தனை பேருடைய "சொந்த" நினைவாகிவிட்டது. அன்று முதல் கட்டுரைகளுக்கிடையிலான ஒற்றுமையைக் கண்டறியும் மென்பொருள் சேர்க்கைப் பணியின் ஒரு பகுதியாக இருந்துவருகிறது. ஆசிரியர் பெயருடன் எடுத்தாளப்படும் மேற்கோள் களவாகாது என்பது உண்மையே. ஆயினும் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்த சொல்லால் தனியொருவரை அடையாளம் காட்ட இயலாது என்ற படிப்பினை இரண்டுக்கும் பொருந்தும்.

சொன்னவர் யார்?

மேற்கோள் ஒன்று மனத்தைத் தொட்டுவிட்டது; அதை எழுதியே தீர வேண்டும் என்று மாணவர் கருதுகிறார் என்று கொள்வோம். அவர் செய்ய வேண்டிய முதற்சோதனை, அதைச் சொன்னவர் யார் என்பதை உறுதிப்படுத்திக்கொள்வது.

உலகில் காண விரும்பும் மாற்றத்தை ஒருவர் தம்மிடமிருந்தே தொடங்க வேண்டும் என்னும் கருத்தமைந்த சுருக்கமான ஆங்கில வாசகம் காந்தியடிகளின் பெயரால் உலகெங்கும் வழங்குகிறது. அவருடைய எழுத்துகளும் பேச்சுகளும் 100 தொகுதிகளாகத் தொகுக்கப்பட்டுள்ளன. அவ்வாசகம் அதே வடிவில் அவற்றுள் காணப்படவில்லை. 1913-இல் "இந்தியன் ஒப்பீனியன்" இதழில், மனிதன் தன்னை மாற்றிக்கொண்டால் அவனைச் சூழ்ந்த உலகின் போக்கும் மாறும் என்னும் கருத்தை அவர் விரிவாக எழுதியுள்ளார். கருத்து அவருக்கு அண்மையதே; சொற்கள் பிற்காலத்தவை.

நெல்சன் மண்டேலா 1994-இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது கூறியதாகப் பரவியுள்ள, நம் ஆழ்ந்த அச்சம் எது என்பதைப் பற்றிய பத்தி, உண்மையில் மரியான் வில்லியம்சன் என்னும் எழுத்தாளர் 1992-இல் வெளியிட்ட நூலிலுள்ளது. ஒருவர் கருத்தை ஏற்காவிடினும் அதைச் சொல்லும் உரிமைக்காக நிற்பதாகக் கூறும் புகழ்பெற்ற வாசகம் வோல்டேருடையது அன்று. அவரைப் பற்றி 1906-இல் நூல் எழுதிய ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் அவருடைய மனப்பாங்கை விளக்கத் தாமே அமைத்த தொடர் அது. ஐன்ஸ்டீன் பெயரில் உலவும் வாசகங்களுள் பலவும் இவ்வகையினவே.

சட்டமோ வரலாறோ அரசியலோ பயில விரும்பும் மாணவர், இவற்றுள் ஒன்றைத் தவறான பெயருடன் தம் கட்டுரையின் தலையில் வைத்தால், அதைப் படிப்பவர் அத்துறையின் பேராசிரியராகவே இருக்கக்கூடும். சான்றைச் சரிபார்க்கும் பழக்கம் விண்ணப்பதாரருக்கு இல்லை என்பதையே அந்த முதல் வரி அவருக்குத் தெரிவிக்கும்.

சோதிக்கும் முறை கடினமானதன்று. எந்த நூல், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்னும் மூன்றுக்கும் விடை கிடைக்க வேண்டும். நூலின் பெயர் இன்றி ஆளின் பெயர் மட்டும் கிடைக்குமானால் அவ்வாசகத்தை ஐயத்துக்குரியதாகவே கொள்ளல் நலம். பொன்மொழித் தொகுப்புகளும், வாழ்த்து அட்டைகளும், கைப்பேசியில் வரும் காலை வணக்கப் படங்களும் சான்று ஆகா.

இவ்வகையில் திருக்குறளை நாடும் மாணவருக்கு ஒரு வசதி உண்டு. 133 அதிகாரங்களிலுள்ள 1,330 குறட்பாக்களுக்கும் எண் இருப்பதால் இடம் காட்டுவது எளிது. எனினும் கட்டுரை ஆங்கிலத்தில் அமையும்போது மொழிபெயர்ப்பு யாருடையது என்ற வினா எழுகிறது. ஜி.யு. போப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1886-இல் வெளிவந்தது. அதற்குப் பின்னும் பலர் மொழிபெயர்த்துள்ளனர். ஒரே குறள் ஒவ்வொருவர் கையிலும் வெவ்வேறு அழுத்தம் பெறுகிறது. எனவே மொழிபெயர்த்தவர் பெயரைக் குறிப்பிடுதல் வேண்டும். தாமே மொழிபெயர்த்திருந்தால் அதையும் சொல்லிவிடலாம். தமிழை வீட்டிலும் மலையாளத்தைத் தெருவிலும் ஆங்கிலத்தைப் பள்ளியிலும் வழங்கி வளரும் பாலக்காட்டுப் பிள்ளைகளுக்கு, ஒரு சொல்லை மொழிபெயர்க்கையில் எது கைநழுவியது என்பதே கட்டுரைக்குரிய நல்லதொரு பொருளாகவும் அமையக்கூடும்.

முழுமையும் படித்தல்

இரண்டாம் சோதனை, மேற்கோளுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பதைப் படிப்பது.

புறநானூற்றின் 192-ஆம் பாடல் கணியன் பூங்குன்றனார் இயற்றியது. அதன் முதலடி தமிழர் விண்ணப்பக் கட்டுரைகளில் மிகுதியும் எடுத்தாளப்படுவது. 2007 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையிலும் அது இடம்பெற்றது. ஆயினும் முதலடியை அறிந்தவர் தொகைக்கும் பாடலின் எஞ்சிய அடிகளை அறிந்தவர் தொகைக்கும் உள்ள தொலைவு பெரிது. இன்பமும் துன்பமும் பிறர் தருவதால் வருவன அல்ல என்றும், வாழ்க்கை ஆற்றுவெள்ளத்தின் போக்கில் செல்லும் தெப்பம் போன்றது என்றும் கூறிச் செல்லும் அப்பாடல், பெரியோரைக் கண்டு மலைத்துப்போவதும் வேண்டா, சிறியோரை இகழ்வது அதனினும் வேண்டா என்னும் தெளிவில் முடிகிறது.

பெரியோரின் பெயரைக் கண்டு மலைத்து அவருடைய வாக்கைத் தலையில் சூடிக்கொள்ளும் கட்டுரைக்கு அந்த முடிவே மறுப்பாகிவிடுவதை நோக்குக. முதலடியை மட்டும் எழுதுபவர் ஆயிரத்தில் ஒருவர். முடிவு வரை படித்து, அதிலுள்ள ஏதேனும் ஒரு கருத்தோடு தம் வாழ்வை உரசிப் பார்த்தவர் தனித்து நிற்பார். ஆக, மேற்கோளைக் கண்டெடுக்கும் வழி பொன்மொழிப் பட்டியலைப் புரட்டுவதன்று. முழு நூல் ஒன்றையோ முழுப் பாடல் ஒன்றையோ படிப்பது.

முப்பத்தாறாம் பக்கம்

மூன்றாம் சோதனைதான் தலையாயது. அந்த மேற்கோளைக் கண்ட பிறகு மாணவர் என்ன செய்தார்?

இதற்குத் தமிழகத்திலிருந்து சென்ற ஒரு கடிதத்தைக் காட்டலாம். அது கல்லூரி விண்ணப்பமன்று. ஆயினும் கடல் கடந்த கல்விக்கு வழிதிறந்த கடிதங்களுள் அதனினும் புகழ்பெற்றது வேறில்லை. சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு ஊதியத்தில் எழுத்தராகப் பணியாற்றிய சீனிவாச இராமானுஜன், 1913 ஜனவரி 16-ஆம் நாளிட்டுக் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலர் ஜி.எச். ஹார்டிக்கு எழுதியது அது. அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. பள்ளிக் கல்விக்குப் பின் ஓய்வுநேரங்களில் தாமே கணிதத்தில் உழைத்துவருவதாகக் கூறினார்.

அக்கடிதத்திலும் பிறர் கூற்று ஒன்று எடுத்தாளப்பட்டுள்ளது. ஹார்டி 1910-இல் வெளியிட்டிருந்த சிறுநூல் ஒன்றின் பெயரைக் குறிப்பிட்டு, அதன் 36-ஆம் பக்கத்தில், குறிப்பிட்ட ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்குத் திட்டவட்டமான கோவை இதுவரை காணப்படவில்லை என்னும் கூற்று இருப்பதை இராமானுஜன் சுட்டுகிறார். அடுத்து, உண்மை விடைக்கு மிக அணுக்கமான கோவை ஒன்றைத் தாம் கண்டிருப்பதாகக் கூறுகிறார். அதன் பின் வருவன அவருடைய தேற்றங்கள், பக்கம் பக்கமாக.

மேற்கோளைப் பயன்படுத்தும் கலை முழுவதும் இவ்விரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. நூலின் பெயர் இருக்கிறது. பக்க எண் இருக்கிறது. கூற்று சரியாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூற்று முடிந்த இடத்தில் எழுதியவரின் உழைப்பு தொடங்குகிறது. பகா எண்களைப் பற்றிய அந்தக் குறிப்பிட்ட கோவை அவர் கருதிய அளவுக்குத் துல்லியமானதன்று என்பது பின்னர் தெரியவந்தது. அதனால் கடிதத்தின் மதிப்புக் குறையவில்லை. வேறு கணிதவியலர் இருவர் அவருடைய கடிதங்களைப் பொருட்படுத்தாதிருந்த நிலையில், ஹார்டி தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து தேற்றங்களை ஆராய்ந்தார். 1914 மார்ச்சில் இராமானுஜன் சென்னையிலிருந்து கப்பலேறினார்.

கணிதம் மனிதகுலத்தின் மேன்மை என்பது போன்ற பொன்மொழி ஒன்றால் அக்கடிதம் தொடங்கியிருந்தால் ஹார்டிக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

கல்பாத்தியும் பீர்மேடும்

நம் பகுதிக்கு அண்மையிலேயே இதற்கு வேறு சான்றுகளும் உண்டு. கே.ஆர். இராமநாதன் என்னும் இயற்பியலர் 1893-இல் கல்பாத்தியில் பிறந்தவர். அவருடைய பெயரின் முதலெழுத்தே அவ்வூரைக் குறிப்பது. பாலக்காட்டு விக்டோரியா கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, கல்கத்தாவில் சி.வி. இராமனிடம் ஆய்வு செய்தார். 1923-இல், தூய நீரில் சிதறும் சூரிய ஒளியை ஆராய்ந்தபோது, எதிர்பாராத மங்கலான ஒளி ஒன்று தென்பட்டது. நீரில் மாசு இருக்கலாம் என்று எண்ணி மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தியும் அது மறையவில்லை. விளக்கம் தெரியாத நிலையிலும், கண்டதைக் கண்டவாறு மங்கிய ஒளிர்வு என்று பதிந்துவைத்தார். 1928-இல் உலகறிந்த இராமன் விளைவுக்கு முன்னோடியாக அமைந்த கவனிப்புகளுள் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் அவர் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1976-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

இடுக்கி மலையிலுள்ள பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணி இராமனின் பெங்களூர் ஆய்வகத்தில் பயின்று, 1945-இல் உதவித்தொகை பெற்று இலண்டன் சென்று, வானிலைக் கருவிகளின் வல்லுநராகத் திரும்பியவர். எட்டாம் பிறந்தநாளில் வழக்கமாகத் தரும் வைரத்தோடு வேண்டாமென்று, பிரிட்டானிகா கலைக்களஞ்சியத் தொகுதியைக் கேட்டுப் பெற்றார் என்பது அவரைப் பற்றி எழுதுவோர் தவறாது குறிப்பிடும் செய்தி. அறிவின் மேன்மை பற்றிய எந்தப் பொன்மொழியும் அச்சிறுமியின் அந்தத் தேர்வு கூறுமளவுக்கு அவரைப் பற்றிக் கூறிவிடாது.

இவ்விருவர் வாழ்விலிருந்தும் மாணவர் கொள்ளத்தக்கது ஒன்றே. நேரிற்கண்ட ஒன்றும், தாமே தேர்ந்த ஒன்றும் எழுத்தில் வரும்போது அவற்றுக்குப் பிறர் வாக்கின் துணை தேவைப்படுவதில்லை.

வீட்டுச் சொல்

அப்படியானால் மேற்கோளே வேண்டாமா? வேண்டும் என்று கருதுவோர் தேடவேண்டிய இடம் பெரும்பாலும் தம் வீடே. புகழ்பெற்றவர் சொன்னதுதான் மேற்கோளாகும் என்று விதி எதுவும் இல்லை.

கல்பாத்தி மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் நிலத்தடி நீரியல் பயில விரும்புகிறாள். முதல் வரைவில், நீரே உயிர்களின் ஆதாரம் என்னும் கருத்துள்ள, எவர் சொன்னதென்று தெரியாத வாசகம் ஒன்றை மேலே எழுதி, சிறுவயது முதலே தனக்கு இயற்கையின் மீது ஆர்வம் என்று தொடர்கிறாள். இதில் பிழை இல்லை. ஆனால் அவளும் இல்லை. கல்பாத்தியும் இல்லை.

அவளிடம் நாம் சில வினாக்களை எழுப்பலாம். இந்த ஆர்வம் உனக்கு எங்கிருந்து வந்தது? யாருடைய சொல் உன் காதில் இன்னும் ஒலிக்கிறது? அதைக் கேட்ட பின் நீ செய்தது என்ன? அவள் சற்று எண்ணிப் பார்த்து, கோடைகாலங்களில் பாட்டி வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தை நினைவுகூர்கிறாள்: "ஆறு இறங்கினால் கிணறும் இறங்கும்." விசுவநாத சுவாமி கோவிலிலிருந்து இறங்கும் படித்துறையில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று பார்த்துவிட்டுப் பாட்டி வீட்டுக் கிணற்றின் நிலையைச் சொல்லிவிடுவார். பேத்திக்கு அது உண்மைதானா என்று அறியும் ஆவல். டிசம்பர் முதல் மே வரை ஞாயிறுதோறும் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்தாள். ஆற்றில் தெரியும் படிகளையும் எண்ணிக் குறித்தாள். பெரும்பாலும் பாட்டியின் சொல் பொருந்தியது. ஏப்ரலில் இரண்டு வாரம் மட்டும், ஆறு இறங்கிக்கொண்டிருக்கையில் கிணறு சற்றே ஏறியது. விசாரித்ததில், அண்டை வீட்டு மோட்டார் பழுதாகி அந்த இரண்டு வாரமும் ஓடவில்லை என்பது தெரிந்தது.

அவளுடைய இரண்டாம் வரைவின் தொடக்கம் இப்போது இவ்வாறு அமையும்: "ஆறு இறங்கினால் கிணறும் இறங்கும் என்பது என் பாட்டியின் கணக்கு. ஆறு மாதம் ஞாயிறுதோறும் அளந்து பார்த்தேன். இரண்டு வாரம் தவிர மற்ற வாரங்களில் அவர் சொன்னது சரியாக இருந்தது. அந்த இரண்டு வாரமும் ஏன் தவறியது என்ற வினாதான் என்னை நிலத்தடி நீரியலுக்கு அழைத்துவந்தது."

இது நான்கே வாக்கியம். பாட்டி இருக்கிறார், ஊர் இருக்கிறது, அளவை இருக்கிறது, விடைக்கான தேடல் இருக்கிறது. ஹார்டியின் 36-ஆம் பக்கத்துக்கு இராமானுஜன் செய்ததையே இம்மாணவி தன் பாட்டியின் சொல்லுக்குச் செய்திருக்கிறாள். பிறர் கூற்றை ஏற்றுப் போற்றுவதோடு நில்லாமல் அதனோடு உரையாடியிருக்கிறாள். இந்தக் கட்டுரையை வேறொருவர் தம் பெயரில் எழுதவும் முடியாது.

வீட்டுச் சொல்லுக்கும் நேர்மை தேவை என்பதை மறத்தலாகாது. பாட்டி சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது, காந்தியடிகள் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. நேர்காணல் நடத்தும் கல்லூரிகளில் கட்டுரையிலிருந்தே வினாக்கள் எழும். உண்மையாக வாழ்ந்த ஒன்றைப் பற்றி எத்தனை வினா வந்தாலும் விடை சொல்லலாம். புனைந்த ஒன்றுக்கு இரண்டாம் வினாவிலேயே விடை தீர்ந்துவிடும்.

எழுதும் வேளையில்

மேற்கோளைத் தேர்ந்த பின் கருத்தில் கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, நீக்கிப் பார்த்தல். மேற்கோளை அழித்துவிட்டுக் கட்டுரையைப் படித்தால் எதுவும் குறைவதாகத் தோன்றாவிடில், அது அழிந்தே இருக்கட்டும்.

இரண்டாவது, மாற்றிப் பார்த்தல். அதே மேற்கோளை வகுப்பிலுள்ள வேறு மாணவரின் கட்டுரையில் ஒட்டினாலும் பொருந்துமானால், அது இவருக்கென்று அமைந்ததன்று.

மூன்றாவது, அளவு. பிறர் கூற்று ஒரு வாக்கியத்தைத் தாண்டாதிருத்தல் நலம். அதற்கு மறுமொழியாகத் தாம் செய்தது குறைந்தது மூன்று மடங்கேனும் இருக்கட்டும். யூகாஸ் கட்டுரையில் இடைவெளியும் ஓர் எழுத்தாக எண்ணப்படுவதால், 200 எழுத்துள்ள மேற்கோள் இருபதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் என்பதை நினைவிற்கொள்க.

நான்காவது, இடம். மேற்கோள் முதல் வரியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. செயல் ஒன்றை விவரித்த பின், அதற்கு வித்திட்ட சொல்லாக நடுவில் வருவது பல வேளைகளில் இயல்பாக இருக்கும்.

ஐந்தாவது, நிறுவனத்தின் விதி. சில கல்லூரிகள் குறிப்பிட்ட கூற்று ஒன்றைக் கொடுத்து அதற்கு மறுமொழி எழுதச் சொல்லும். அங்கே அக்கூற்றை எடுத்தாள்வது கடமையாகிறது. மற்ற இடங்களில் அது மாணவரின் உரிமை மட்டுமே.

பெற்றோருக்குச் சில சொற்கள்

கட்டுரையை எழுதித் தருவதாக விளம்பரம் செய்வோர் பலர் உள்ளனர். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களும் நொடியில் மேற்கோளோடு ஒரு கட்டுரையை நீட்டிவிடுகின்றன. ஆனால் யூகாஸ் விண்ணப்பத்தில், கட்டுரை தம்முடையதே என்றும், பிறரிடமிருந்தோ செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடமிருந்தோ பெற்றதன்று என்றும் மாணவர் உறுதிமொழி அளிக்கிறார். மென்பொருள்கள் தரும் மேற்கோள்களில் இல்லாத நூலின் பெயரும் இல்லாத பக்க எண்ணும் இடம்பெறுவதுண்டு என்பதையும் அறிந்துகொள்ளுதல் நலம். எழுத்துப் பிழை திருத்துவதும், விளங்காத இடத்தைச் சுட்டுவதும் பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்க உதவி. வாக்கியத்தை அமைத்துத் தருவது அந்த எல்லையைத் தாண்டுவதாகும்.

கல்விக் கடன் நாடி வங்கிக் கிளைக்கு வரும்போது, சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், மதிப்பெண் சான்றிதழ் முதலியவற்றைத்தான் வங்கி கேட்கும். தன்விளக்கக் கட்டுரையை எவரும் கேட்கப்போவதில்லை. ஆயினும் அந்தச் சேர்க்கைக் கடிதம் மாணவர் கையொப்பமிட்ட உறுதிமொழியின்மீது நிற்கிறது. சேர்க்கை நடந்த பின் கட்டுரை பிறருடையது எனத் தெரியவந்தால் இடம் பறிபோகலாம். கட்டிய கட்டணமும் வாங்கிய கடனும் குடும்பத்தின் தலையில் நிற்கும். பல ஆண்டுச் சேமிப்பை ஈடாக வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு இது சிறிய செய்தியன்று.

எனவே பிள்ளை மேற்கோள் தேடி அமர்ந்திருக்கும் மாலையில், பொன்மொழி நூலை எடுத்துத் தருவதைவிட அருகில் அமர்ந்து பேசுவது மேலான உதவி. நம் வீட்டில் அடிக்கடி வழங்கும் சொல் எது, அதை முதலில் சொன்னவர் யார், அது உண்மையா என்று நீ சோதித்துப் பார்த்ததுண்டா என்று கேட்கலாம். சோதித்ததில்லை என்று பிள்ளை சொன்னாலும் கவலை இல்லை. கெடு நெருங்குவதற்குச் சில மாதம் முன்னரே இவ்வுரையாடல் நடக்குமானால், சோதித்துப் பார்க்கவும் குறித்து வைக்கவும் காலம் இருக்கிறது. அவ்வாறு குறித்து வைத்த ஏட்டிலிருந்தே கட்டுரையின் முதல் வரி கிடைக்கும்.